இரண்டாவது முறை மருந்தடிக்காதவர்

கடைக்கு சீல் வைத்துப் பதினேழு நாட்கள் ஆகியிருந்தன. பதினெட்டாவது நாள் காலையில், ஜன்னல் திட்டில் வரிசையாக இருந்த ஆறு தொட்டிகளில் மூன்றில் புல் செத்துக் கிடந்தது.

அரைகுறைச் சாவு இல்லை. வைக்கோல் நிறத்துக்கு மாறி, தலை மடிந்து, தொட்டால் உதிரும் சாவு. மற்ற மூன்று தொட்டிகளும் செழிப்பாக நின்றன. அதில் ஒன்று புதிதாகத் தளிர் விட்டிருந்தது.

"ஆறுக்கும் ஒரே தம்ளர்லதான் தண்ணி ஊத்தினேன் மேடம். மூணு போய்ச் சேர்ந்துடுச்சு. மூணு என்னைப் பார்த்து சிரிக்குது. பெத்த பிள்ளைங்களுக்குக்கூட நான் இவ்வளவு பண்ணலை," என்றான் கொசுறு.

இந்த அலுவலக அறையை வாடகைக்கு எடுத்தபோது மேசை, மின்விசிறி, கால் ஆடும் நாற்காலி ஆகியவற்றோடு சேர்ந்து வந்தவன் அவன். முந்தைய வாடகைதாரர் விட்டுவிட்டுப் போன ஆள். அதனால் கொசுறு. பெயர் வைத்தது டீச்சர்.

டீச்சர் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்ததில்லை. தாவரவியல் படித்தாள், துப்பறிய வந்தாள். எதிரில் இருப்பவரின் விடைத்தாளைத் திருத்துவது போல் பார்ப்பாள். எப்போதும் மதிப்பெண் குறைவாகவே போடுவாள். பட்டப்பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது.

"சிரிக்கிற மூணும் எங்கேருந்து வந்தது?" என்று கேட்டாள்.

"பண்ணைக்காரர் வயல்லேருந்து. செத்த மூணும் கால்பந்து மைதானத்து ஓரத்துலேருந்து. ஆறும் ஒரே எலிவால் புல்லு. அடிச்சது ஒரே மருந்து. அதுவும் பண்ணைக்காரர் தன் கையால குடுத்த டப்பா."

"போலி மருந்துக்கு மைதானத்துப் புல் ஏன் சாகணும்?"

"கால்பந்து தலையில பட்டிருக்கும்."

டீச்சர் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பாள் என்று கொசுறும் எதிர்பார்க்கவில்லை.

வழக்கு எளிமையானது. வட்டாரத்திலேயே பெரிய விதைப் பண்ணைக்காரர், உர மருந்துக் கடை நடத்தும் ஒரு பெண்மணி மேல் புகார் கொடுத்திருந்தார். அவளிடம் வாங்கிய களைக்கொல்லி போலி, கோதுமை வயலில் அடித்தும் எலிவால் புல் சாகவில்லை என்று. எலி வாலைப் போல் மெல்லிய கதிர் விடும் களை அது. கோதுமையோடு சேர்ந்து முளைத்து, கோதுமையின் சாப்பாட்டைத் தின்று, கோதுமைக்கு முன்னால் விதையை உதிர்த்துவிட்டுப் போய்விடும். வேளாண் அதிகாரி வந்தார், கடைக்கு சீல் வைத்தார். இன்று மாலை நாலு மணிக்கு வயலைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, லைசென்ஸை ரத்து செய்யும் உத்தரவில் கையெழுத்துப் போடப்போகிறார். அதன் பிறகு போலீஸ். கடைக்கு மேல் மாடியில் கடைக்காரம்மா, அவள் அம்மா, தங்கை, தங்கையின் பிள்ளைகள் என்று ஏழு பேர். எல்லோருக்கும் சோறு அந்த ஷட்டருக்குப் பின்னாலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் கடைக்காரம்மா டீச்சரைத் தேடி வந்திருந்தாள்.

டீச்சர் அதிகாரிக்குப் போன் செய்தாள். தொட்டிகளைப் பற்றிச் சொன்னாள்.

"ஜன்னல்ல வளர்க்கறதெல்லாம் சாட்சி ஆகுமாம்மா?" என்றார் அதிகாரி. "டப்பாவுல நீங்க வேற மருந்தை ஊத்திட்டீங்கன்னு அவர் சொல்லுவார். அவர் எதுக்குப் பொய் சொல்லணும்? நஷ்டம் அவருக்குத்தானே. அவர் பொய் சொல்றார்னு காட்டுங்க, கையெழுத்தை நிறுத்தறேன். இல்லைன்னா நாலு மணிக்குப் பார்க்கலாம்."

போனை வைத்துவிட்டு டீச்சர் செத்த புல் ஒன்றை விரலால் தட்டினாள். அது பொடியானது.

"பல் வலிக்கு மாத்திரை வாங்கினே. கேட்கலை. போலி மாத்திரைன்னு நினைக்கிறே. என்ன பண்ணுவே?"

"கடைக்காரனைத் திட்டுவேன்."

"திட்டிட்டு?"

"வேற கடையில நல்ல மாத்திரை வாங்கிப் போடுவேன். பல்லு வலிக்குதே."

"பண்ணைக்காரர் திட்டினதோட நின்னுட்டார். புல் கண்ணு முன்னாடி நிக்குது. இன்னொரு கடை அரை மணி தூரத்துல இருக்கு. ஏன் இன்னும் ரெண்டாவது தடவை மருந்தடிக்கலை?"

கொசுறு ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

பண்ணையின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருந்தது. அதில் பண்ணைக்காரர் ஒரு விதை மூட்டையைப் பெற்ற மகனைப் போல் அணைத்துக்கொண்டிருந்தார். கீழே, 'சுத்தமான விதை, சுத்தமான மனசு' என்று எழுதியிருந்தது.

"ரெண்டாவதை யார் பரிசோதிச்சாங்கன்னு போடலையே," என்றான் கொசுறு.

சாலையை ஒட்டிய முன் வயலில் டீச்சர் குந்தி உட்கார்ந்தாள். கோதுமை முழங்கால் உயரம் இருந்தது. நடுவே எலிவால் புல் அடர்த்தியாக, வெட்கமில்லாமல் நின்றது. அவள் புல்லைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். தரையில் கருகிய செடிகள் கிடந்தன. வேறு வகைப் புல் எல்லாமே செத்திருந்தது. எலிவால் புல்லிலும் சில செத்திருந்தன. செத்ததும் பிழைத்ததும் ஒன்றின் தோளை ஒன்று உரசிக்கொண்டு இருந்தன.

"ஒரே புல்லு, ஒரே நாள், ஒரே மருந்து," என்றான் கொசுறு. "ஒண்ணு பொணம். பக்கத்துலயே ஒண்ணு மாப்பிள்ளை."

"ஸ்பிரேயர் முனை அடைச்சிருந்தா பிழைச்சதெல்லாம் கோடு போட்ட மாதிரி நிக்கும். மருந்து போலியா இருந்தா எல்லாமே நிக்கும். இங்கே ரெண்டும் இல்லை."

"அப்போ மருந்துக்குப் பழகிடுச்சா மேடம்? எங்க மாமா சரக்குக்குப் பழகின மாதிரி?"

"எதுவும் பழகலை. தப்பாப் புரிஞ்சுக்கறதுக்குன்னே இந்த வார்த்தையைக் கண்டுபிடிச்சிருக்காங்க." டீச்சர் எழுந்து முழங்காலைத் தட்டினாள். "லட்சம் புல்லுல ஒண்ணு ரெண்டு பிறக்கும்போதே மருந்தைத் தாங்கும். வருஷா வருஷம் அதே மருந்தை அடிச்சா தாங்காததெல்லாம் சாகும். தாங்கறது மட்டும் விதை போடும். அடுத்த வருஷம் நூறு. அதுக்கடுத்த வருஷம் வயல் பூரா. புல்லு ஒண்ணும் கத்துக்கலை. மனுஷங்கதான் அதுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் பண்ணி வெச்சாங்க."

பண்ணைக்காரர் வந்தார். பலகையில் இருந்ததைவிடக் குட்டையாக இருந்தார். முகத்தில் அதே அணைப்புச் சிரிப்பு.

"இன்னும் ஆராய்ச்சி முடியலையா? சாயங்காலம் கையெழுத்தே ஆகப்போகுது."

"ஒரே மருந்தை எத்தனை வருஷமா அடிக்கிறீங்க?"

"என்னை என்ன முட்டாள்னு நினைச்சீங்களா? வருஷத்துக்கு வருஷம் மாத்துவேன். வந்து பாருங்க."

கொட்டகையில் அலமாரியைக் காட்டினார். சிவப்பு டப்பா, நீல டப்பா, மஞ்சள் டப்பா. மூன்றிலும் வேறு வேறு பெயர், வேறு வேறு படம். ஒன்றில் சிங்கம், ஒன்றில் மின்னல், ஒன்றில் வாள். டீச்சர் படங்களைப் பார்க்காமல் டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் இருந்ததைப் படித்தாள்.

"மூணுலயும் உள்ளே இருக்கறது ஒரே வகை மருந்து. புல்லுக்குள்ள மூணும் ஒரே இடத்துலதான் போய் அடிக்கும். நீங்க சட்டையைத்தான் மாத்தியிருக்கீங்க. ஆளை மாத்தலை."

"அப்படியா? எனக்கென்ன தெரியும்? கடைக்காரம்மா குடுத்ததைத்தானே அடிச்சேன்," என்றார் அவர்.

வார்த்தைகள் சரியாக இருந்தன. ஆனால் முகத்தில் ஆச்சரியம் வந்து சேரவில்லை. டீச்சர் அந்த விடைக்கு மனதுக்குள் ஒரு சுழியம் போட்டாள்.

"புல்லு சாகலைன்னதும் ஏன் வேற கடையில வாங்கித் திரும்ப அடிக்கலை?"

"ஒரு தடவை ஏமாந்தது போதாதா? அதுக்கெல்லாம் நேரம் வேண்டாமா?"

"புகார் எழுத நேரம் இருந்திருக்கு. மூணு பக்கம். நல்ல கையெழுத்து."

அணைப்புச் சிரிப்பு கொஞ்சம் தளர்ந்தது.

கொட்டகைக்குப் பின்னால், ஒரு வண்டிப் பாதையைத் தாண்டி, இன்னொரு கோதுமை வயல் இருந்தது. டீச்சர் அதன் ஓரத்தில் நடந்தாள். எலிவால் புல் ஒன்றுகூட இல்லை. பயிர் முன் வயலைவிட ஒரு சாண் குட்டை. மண்ணில் மக்கிய பயற்றங்கொடிகளின் தண்டுகள் கிடந்தன. ஓரத்தில் ஓர் இடத்தில் எதையோ குவித்து எரித்த கருப்பு வட்டம்.

"இது எதுக்கு இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"விதைக்கு விடற வயலு. மண்ணு வேற," என்றார் பண்ணைக்காரர்.

"நடுவுல ஒரு வண்டிப் பாதைதானே இருக்கு?" கொசுறு பாதையைக் காலால் அளந்தான். "மண்ணு இந்தப் பக்கம் ஒரு ஜாதி, அந்தப் பக்கம் ஒரு ஜாதின்னு பிரிஞ்சு நிக்குதா?"

பண்ணைக்காரருக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. போய்விட்டார்.

ஸ்கூட்டரில் ஏறும்போது டீச்சர் கேட்டாள். "இந்த ரெண்டு வயல்லயும் மாத்தி மாத்தி நுழையறது என்னென்ன?"

"வெயில், மழை, பண்ணைக்காரர்."

"அப்புறம்?"

"அறுவடை மெஷின்."

"அதோட டிரைவர் எங்கே இருப்பார்?"

டிரைவர் மெஷினுக்கு அடியில் இருந்தார். பட்டறையில் மெஷின் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். ஒன்றில் செருப்பு இருந்தது.

"பண்ணைக்காரர் வயலை அறுக்கறது நீங்கதானே?" என்று டீச்சர் கால்களிடம் கேட்டாள்.

"ஏன், அவரு என் மேலயும் புகார் குடுத்திருக்காரா?" என்றன கால்கள்.

"இன்னும் இல்லை. குடுப்பாரா?"

"குடுப்பாரு. அந்த மனுஷனுக்கு வேலை பார்க்கறதுக்குப் பதில் பாறையை உடைக்கலாம். எல்லாரும் என்ன பண்ணுவாங்க? ஒரு வயல் முடிஞ்சதா, கிளம்பு, அடுத்த வயல். இவரு நடுவுல நிறுத்துவாரு. எல்லாக் கதவையும் திற, காத்தடி, பிரஷ் போடு, சல்லடையைக் கழட்டித் தட்டு. அரை நாள் போயிடும். எதுக்குன்னு நினைக்கிறீங்க? இன்னொருத்தர் வயலுக்குப் போறதுக்கா? இல்லை. அவரோட முன் வயல்லேருந்து அவரோட பின் வயலுக்குப் போறதுக்கு. ரெண்டும் அவரு வயலு. கோதுமையும் ஒரே கோதுமை."

"பின் வயலை முதல்ல அறுத்துட்டு முன் வயலுக்குப் போனா?"

கால்கள் யோசித்தன. "அப்போ சுத்தம் பண்ணச் சொன்னதில்லை."

"முன் வயலை முடிச்சிட்டு பக்கத்து ஆளுங்க வயலுக்குப் போகும்போது?"

"அப்போ ஓடு ஓடுன்னு விரட்டுவாரு. அப்படியே போயிடுவேன்."

"வயித்துல அந்தப் புல்லு விதையோட?"

"எனக்கு வாடகை வந்தா சரிம்மா. வயித்துல என்ன இருக்குன்னு மெஷினே கேட்கறதில்லை."

"எத்தனை அறுவடையா இப்படி?"

"போன அறுவடையோட மூணு." ஒரு ஸ்பேனர் தரையில் விழுந்தது. "இந்த வட்டாரத்துல இப்படி ரெண்டே பைத்தியம்தான். இவரு ஒண்ணு. இன்னொண்ணு இவருக்கும் மேல. மெஷின் வயலுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே துடைப்பத்தோட குறுக்கே வந்து நிக்கும்."

"யார் அது?"

டிரைவர் சொன்னார்.

கொசுறு வாயைத் திறந்தான். எதையாவது சொல்வான் என்று டீச்சர் காத்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். வேலைக்கு வந்ததிலிருந்து அது முதல் முறை.

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகுதான் பேசினான். "மேடம், அது நமக்கு வேண்டாமே."

"இப்போதைக்கு வேண்டாம். நாலு மணிக்கு ஒரு மூட்டை வேணும்."

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். பளபளப்பான ஷூ போட்டிருந்ததால் வண்டிப் பாதையிலேயே நின்றுகொண்டு, வயலை ஆய்வு செய்துவிட்டதாக அறிவித்தார். கையில் உத்தரவு தயாராக இருந்தது. கடைக்காரம்மா சற்றுத் தள்ளி நின்றாள். நாற்பது வயதிருக்கும். பதினெட்டு நாட்களில் கன்னம் ஒட்டியிருந்தது. பண்ணைக்காரர் அணைப்புச் சிரிப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னம்மா, பொய்யைப் பிடிச்சீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்லை சார். நான் தோத்துட்டேன். மருந்து போலிதான்," என்றாள் டீச்சர்.

கடைக்காரம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

"முன் வயல்ல நிக்கறது சாதாரணப் புல்லு. நல்ல மருந்து அடிச்சா செத்துடும். அப்படித்தானே சார்?" என்று பண்ணைக்காரரைக் கேட்டாள்.

"அதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்."

"இதை முன்னாடியே ஒத்துக்கிட்டிருந்தா எல்லாருக்கும் நேரம் மிச்சம். அப்போ அந்த மூட்டையை வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்? ஆராய்ச்சிக்குன்னு அறுவடை மெஷினோட வயித்தைத் திறந்து அள்ளிட்டு வந்தோம். பூரா போன வருஷத்து எலிவால் விதை. சாதாரண விதைதானே." கொசுறு பக்கம் திரும்பினாள். "அந்தச் சுத்தமான வயல் ஓரத்துல கொட்டிட்டு வாப்பா. காத்து நல்லா வீசுது. பரவிக்கும்."

கொசுறு மூட்டையைத் தோளில் தூக்கிப் பின் வயலை நோக்கி நடந்தான். அவசரப்படவில்லை. மூட்டை வாயின் கயிற்றை நடந்துகொண்டே அவிழ்த்தான்.

பண்ணைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு, "இரு," என்றார். பிறகு ஓடினார். ஒரு செருப்பு பாதையிலேயே நின்றுவிட்டது. கொசுறு மூட்டையைச் சாய்க்கும் நேரத்தில் அவர் அதன் மேல் விழுந்து கட்டிக்கொண்டார். பலகையில் இருந்த அதே அணைப்பு.

"கொட்டாதே. அங்கே கொட்டாதேடா. அது என்ன அடிச்சாலும் சாகாதுடா."

அதிகாரி பளபளப்பான ஷூவோடு வயல் ஓரத்துக்கு இறங்கி வந்தார்.

"என்ன சொன்னீங்க?" என்றார் அதிகாரி.

"சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டார் சார். நான் சொல்றேன்," என்றாள் டீச்சர். "மருந்து நல்ல மருந்து. முன் வயல் புல்லுதான் அதைத் தாங்கற புல்லு. இவருக்கு மூணு அறுவடையா தெரியும். அதனாலதான் மெஷினை முன் வயல்லேருந்து பின் வயலுக்கு விடறதுக்கு முன்னாடி அரை நாள் சுத்தம் பண்ண வைக்கிறார். டிரைவர் இருக்கார், கேட்டுக்கலாம். பின் வயல்ல விதைக்கறதுக்கு முன்னாடி தண்ணி விட்டு, புல்லை முளைக்க விட்டு, உழுது கொன்னிருக்கார். பயிர் ஒரு சாண் குட்டையா இருக்கறது அதனாலதான், லேட்டா விதைச்சது. ஒரு வருஷம் கோதுமையே போடாம பயறு போட்டிருக்கார். தப்பி வந்த ஒண்ணு ரெண்டையும் கதிர் விதை போடறதுக்குள்ள கையால பிடுங்கி, குவிச்சு, எரிச்சிருக்கார். பிரமாதமான விவசாயம். நான் மார்க் போட்டா முழு மார்க் போடுவேன்."

"அப்போ எதுக்கு..." அதிகாரிக்குப் புரிய நேரம் பிடித்தது.

"இவர் விதை விக்கிறார் சார். முன் வயல் ரோட்டோரம் இருக்கு. விதை வாங்க வர்றவன் முதல்ல பார்க்கறது அதைத்தான். தாங்கற புல்லு இருக்கற பண்ணையில யார் விதை வாங்குவான்? போலி மருந்துன்னு சொல்லிட்டா அவமானம் கடைக்காரம்மாவுக்குப் போயிடும். திரும்ப மருந்தடிச்சா அந்தக் கதையே கெட்டுடும். அடிச்சும் சாகலைன்னா, அடுத்து எந்தக் கடையைப் பூட்டறது?"

பண்ணைக்காரர் மூட்டையை விடாமல் எழுந்தார். "நான் மட்டும்தானா? எல்லார் வயல்லயும்தான் இருக்கு," என்றார்.

"இருக்கும். இலவசமா வீட்டுக்கு வீடு அனுப்பி வெச்சீங்களே."

அதிகாரி உத்தரவை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். தன் பதினெட்டு நாள் மடத்தனத்தை ஒருவரும் கவனிக்கவில்லை என்பதுபோல் தொண்டையைச் செருமினார். கடைச் சாவியை எடுத்துக் கடைக்காரம்மாவின் கையில் வைத்தார். "கடையைத் திறந்துக்கங்கம்மா. சீல் வெச்சதை நானே வந்து எடுத்து விடறேன்."

அவள் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குப் போகும் வழியில் கொசுறு கேட்டான். "அந்த மூட்டையை அவரே வெச்சுக்கிட்டாரே. இன்னிக்கு ராத்திரி எரிப்பாரு. உள்ளே இருக்கறது நம்ம கீழ்வீட்டு ஆசாரியோட மரத்தூளுன்னு சொல்லிடலாமா?"

"எரிக்கட்டும். நல்லா எரியும்."

"நிஜ விதையையே கொண்டு போயிருக்கலாமே மேடம்."

"சுத்தமா இருக்கற ஒண்ணு ரெண்டு வயல்ல அது ஒண்ணு. அதை வெச்சிருக்கறவன் அயோக்கியன்ங்கறதுக்காக வயலைக் கெடுக்க முடியுமா?"

ஷட்டர் ஏறியபோது கடைக்கு முன்னால் பத்துப் பதினைந்து விவசாயிகள் நின்றிருந்தார்கள். டீச்சர் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. மழை இல்லாத வாரம், பயிர் சரியான பருவம், எல்லோர் வயலிலும் எலிவால் புல். பதினெட்டு நாட்களாகக் காத்திருந்தவர்கள். கடைக்குள் பூச்சிமருந்தும் அட்டைப்பெட்டியும் கலந்த வாசனை அடைந்து கிடந்தது. மாடிப்படியில் தங்கையின் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"மஞ்ச டப்பா ரெண்டு எடுத்து வைங்கக்கா," என்றார் முன்னால் நின்ற விவசாயி.

"எனக்கு நாலு. போன வருஷம் சரியாக் கேட்கலை. இந்தத் தடவை டபுளா அடிச்சுடறேன்," என்றார் பின்னால் நின்றவர்.

கடைக்காரம்மா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கல்லாவுக்குப் பின்னால் போனாள். "முதல்ல மேடத்துக்கு நாற்காலி போடுங்க," என்றாள். "இந்தக் கடை இனிமே அவங்களோடது."

"நாற்காலி வேண்டாம்," என்றாள் டீச்சர். "மஞ்ச டப்பா ஒண்ணு குடுங்க. முன்னாடி நிக்கறவருக்கு, என் கணக்குல. குடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க. இது அவர் வயல்ல இருக்கற எலிவால் புல்லைக் கொல்லும்னு."

கடைக்காரம்மாவின் கை அலமாரியில் பாதி தூரத்தில் நின்றது.

"மருந்து நல்ல மருந்துன்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்களே மேடம்."

"மருந்து நல்லதுதான். நான் கேட்டது அதை இல்லை."

அவள் டப்பாவை எடுத்தாள். கல்லா மேல் வைத்தாள். விவசாயி கையை நீட்டினார். அவள் டப்பாவிலிருந்து கையை எடுக்கவில்லை. குனிந்து, டீச்சருக்கு மட்டும் கேட்கும்படி, "நான் உங்க கட்சிக்காரி மேடம்," என்றாள்.

"ஆமா. அதனாலதான் அதிகாரிகிட்ட சொல்லலை," என்றாள் டீச்சர், அதே தணிந்த குரலில். "உங்க அண்ணன் வயல் வரப்புல துடைப்பத்தோட நிக்கறது நீங்கதான்னு டிரைவர் சொன்னார். உங்க அண்ணன் இந்த மஞ்ச டப்பாவை என்னிக்காவது வாங்கியிருக்காரா?"

கடைக்காரம்மா மாடிப்படியில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். மஞ்சள் டப்பாக்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. இந்த வாரம் எல்லாமே போய்விடும்.

"என்னக்கா, சீக்கிரம் குடுங்க. வெயில் இறங்கினதும் டேங்கைத் தூக்கணும்," என்றார் விவசாயி.

"கடையை மறுபடியும் பூட்ட வைக்கிறீங்க மேடம்," என்றாள் அவள்.

"நான் ஒரு டப்பாதான் கேட்டேன்."

கொசுறு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைக்காரம்மா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விவசாயியின் நீட்டிய கை காலியாக நின்றது. அவள் நிமிர்ந்தபோது பின்வரிசை வரைக்கும் எல்லோரையும் பார்த்தாள்.

"இது உங்க புல்லைக் கொல்லாது. டபுளா அடிச்சாலும் கொல்லாது. சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒரே மருந்துதான். பண்ணைக்காரர் சாகாத புல்லை வேரோட பிடுங்கிட்டு வந்து இந்தக் கல்லா மேலதான் வெச்சார். மூணு வருஷத்துக்கு முன்னாடி. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்க எல்லாருக்கும் வித்தேன்."